கார்னிஷ் மொழியோட பொது எழுத்துமுறையும் இலவச ஆன்லைன் அகராதியும்: எட்டு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

மொதல்ல எதைப் பத்தி எழுதறேன்னு சொல்லிடறேன், தலைப்பைப் பாத்துட்டு நெறைய பேருக்கு இது இன்னாதுன்னே புரியாது. பிரிட்டன் தீவோட தென்மேற்கு மூலையில கடலுக்குள்ள கால நீட்டிக்கினு இருக்கிற ஊரு கார்ன்வால். அங்க பேசின மொழி கார்னிஷ். வேல்ஸ்ல பேசற வெல்ஷும் பிரான்ஸ் கடலோரத்துல பேசற பிரெத்தோனும் இதுக்கு கூடப் பொறந்தது, இங்கிலீஷுக்கும் இதுக்கும் கிட்டத்து சொந்தம் கெடையாது. பேச்சு நின்னுபோயி ரொம்ப காலம் கழிச்சு ஏட்டுல இருந்து திரும்ப எழுப்பின மொழி இது. அத எந்த ஸ்பெல்லிங்ல எழுதறதுன்னு பல வருஷம் பிரிஞ்சு கெடந்துட்டு, 2008ல ஒக்காந்து பேசி ஒத்துக்கினு ஒரு பொது முறை கொண்டாந்தாங்க, அதுக்குப் பேரு ஸ்டாண்டர்ட் ரிட்டன் ஃபார்ம், சுருக்கமா எஸ்டபிள்யூஎஃப். அந்த முறையும், அந்த முறையில அகடெமி கெர்னெவெக்ங்கற கார்னிஷ் மொழி அமைப்பு நெட்ல குடுக்கற அகராதியும்தான் நான் எட்டு மாசமா தெனமும் ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் தொறக்கறது. காசு கெடையாது, போன்ல பிரவுசர் இருந்தா போதும்.

நான் வேலூர் சத்துவாச்சாரியில டிடிபி வேலை பண்றவ. இருபத்திரண்டு வருஷமாச்சு. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பத்திரிகை, கோயில் நோட்டீஸ், காலேஜ் பிராஜெக்ட், கடை போர்டுக்கு டிசைன், எல்லாமே எழுத்து வேலைதான். ஒரு புள்ளி தப்பாப் போச்சுன்னா ஐநூறு பத்திரிகையும் குப்பைக்குப் போயிடும், அதனால ஸ்பெல்லிங்னா எனக்கு உசுரு. ஆனா கார்னிஷ் பக்கம் போனதுக்கு அது காரணம் இல்ல. எங்க சொந்த ஊரு குடியாத்தம் பக்கத்துல, எங்க தாத்தாவோட அப்பா கோலார் தங்கவயலுக்குப் போயி பூமிக்குள்ள எறங்கினவரு. வட ஆற்காட்டுல இருந்து அப்படிப் போன குடும்பம் கணக்குல அடங்காது, குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் வீட்டுக்கு ஒரு தங்கவயல் கதை இருக்கும். 1880 வாக்குல ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி அங்க சுரங்கத்த எடுத்து நடத்த ஆரம்பிச்சப்ப, சுரங்க வேலை தெரிஞ்ச ஆளுங்கன்னு கார்ன்வால்ல இருந்து ஆள் கொண்டாந்தாங்க, ஏன்னா அங்க வெள்ளீயமும் செம்பும் தோண்டித் தோண்டி பரம்பரையா பழகின ஜனம், அங்க சுரங்கம் படுத்துப்போயி வேலை தேடி உலகம் பூரா கெளம்பிக்கினு இருந்த காலம் அது. எங்க ஆயா சொல்லும், தொரைங்க பேரு நெறைய ‘ட்ரெ’ன்னோ ‘பென்’னுன்னோதான் ஆரம்பிக்கும்னு. அது சும்மா ஆயா கதைன்னு நெனச்சிருந்தேன். ட்ரெ, போல், பென், இந்த மூணுல பேரு ஆரம்பிச்சா அவன் கார்ன்வால்காரன்னு இங்கிலீஷ்ல பழமொழியே இருக்குன்னு ஒருநாள் படிச்சேன், அப்படியே ஒக்காந்துட்டேன்.

சரி, இந்த மூணுக்கும் அர்த்தம் இன்னான்னு தேடப் போயிதான் இந்த அகராதி கெடச்சுது. ட்ரென்னா குடியிருப்பு, வீடும் நெலமும் சேந்த எடம், நம்ம ஊர்ல பட்டின்னு முடியுதே அந்த மாதிரி. போல்னா குட்டை, கொளம். பென்னுன்னா தலை, இல்லன்னா முனை. பென் தேடினப்ப ரெண்டு வடிவம் வந்துது, ஒண்ணுல கடைசியில என் ரெண்டு தடவை, இன்னொண்ணுல என்னுக்கு முன்னாடி ஒரு டி. அதாவது ஒண்ணு பென், இன்னொண்ணு பெட்ன். டைப்பிங் மிஸ்டேக்னு நெனச்சேன், என் தொழில் புத்தி அப்படி. மிஸ்டேக் இல்ல, ரெண்டுமே சரியாம். அம்மான்னு தேடினா மாம், அதுக்கும் பக்கத்துல மாப்ம். அன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் படிச்சிக்கினு இருந்தேன்.

இதுக்குள்ள இருக்கிற கதைய சொல்லாம ரிவியூ சொன்னா பிரயோஜனம் இல்ல. மவுசல்னு ஒரு மீன்பிடி ஊர்ல இருந்த டாலி பென்ட்ரீத்ங்கற அம்மா 1777ல செத்துப்போனாங்க, கார்னிஷ் தாய்மொழியாப் பேசின கடைசி ஆள்னு அவங்களத்தான் வழக்கமா சொல்றாங்க, அவங்க பேருலயும் பாருங்க, பென். அதுக்கு ஒரு வருஷம் முந்தி 1776ல வில்லியம் போடினார்ங்கற மீனவர் கார்னிஷ்ல ஒரு கடுதாசி எழுதி வெச்சிருக்காரு. அப்புறம் 1904ல ஹென்றி ஜென்னர் ஒரு கையேடு போட்டு, நம்ம மொழிய மறுபடி பேசலாம் வாங்கன்னு கூப்பிட்டாரு. அவரு வெச்சிக்கினது கடைசிக் காலத்துப் பேச்ச. அவருக்கு அப்புறம் வந்த ராபர்ட் மார்ட்டன் நான்ஸ், அந்தக் கடைசிக் காலத்துக் கார்னிஷ் இங்கிலீஷ் மாதிரி எழுதிக் கெடக்குது, அதவிட நடுக்காலத்துல எழுதின நாடகம் செய்யுள்ல இருக்கிற மொழி செழிப்பா இருக்குதுன்னு அதுக்குப் போயிட்டாரு, 1929ல அவரு முறை புஸ்தகமா வந்துது, அதுக்குப் பேரு யூனிஃபைட். ரொம்ப வருஷம் எல்லாரும் அதத்தான் படிச்சாங்க.

1980கள்லதான் பிரச்சினை வெடிச்சுது. கென் ஜார்ஜ்னு ஒருத்தர், பழைய நூல் வரியெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி அலசிட்டு, நான்ஸ் முறையில எழுத்துக்கும் சத்தத்துக்கும் ஒத்துப்போகலன்னு புதுசா ஒரு முறை குடுத்தாரு, கெம்மின்னு பேரு, பொதுன்னு அர்த்தம். 1987ல கார்னிஷ் மொழி வாரியம் அத ஏத்துக்கினுது. அதே சமயத்துல ரிச்சர்ட் ஜெண்டால், ஜனங்க வாயில கடைசியா இருந்த பேச்சுதான் நெஜமான தொடர்ச்சின்னு 17, 18ம் நூற்றாண்டுக் கார்னிஷ எடுத்துக்கினாரு. நிக்கோலஸ் வில்லியம்ஸ் 1995ல வந்து கெம்மின் தப்பு, நான்ஸ் முறையத் திருத்தினா போதும்னு சொல்லி, 16ம் நூற்றாண்டு உரைநடையப் புடிச்சாரு. ஆக நாலு முறை, நாலு வகுப்பு, நாலு வகைப் புஸ்தகம். மொழியோட பேரையே கெர்னெவெக்னு ஒரு கூட்டம், கெர்னோவெக்னு ஒரு கூட்டம், கெர்னுவாக்னு இன்னொரு கூட்டம். பேசறதே சில நூறு பேரு. 2011 சென்சஸ்ல இங்கிலாந்து, வேல்ஸ் சேத்து என் முக்கிய மொழி கார்னிஷ்னு எழுதினது 557 பேரு. எங்க ஏரியாவுல ஒரு முகூர்த்தத்துக்கு மண்டபத்துல சாப்பிடற கூட்டம் அதவிட ஜாஸ்தி.

இதப் படிக்கச்ச எனக்கு எந்த நேரமும் ஞாபகம் வந்தது 2000த்துக்கு முன்னபின்ன இருந்த தமிழ் ஃபான்ட் நெலமதான். டிடிபியில இருந்தவங்களுக்குத் தெரியும். ஒரு கடையில பாமினி, இன்னொரு கடையில டாம், இன்னொருத்தர் டாப், நெட்ல எழுதறவங்க டிஸ்கி. கஸ்டமர் ஃப்ளாப்பியில கொண்டாந்த மேட்டரத் தொறந்தா ஒரே கட்டமும் கிறுக்கலுமா வரும், திரும்ப மொதல்ல இருந்து அடிக்கணும். நாங்க எல்லாரும் அடிச்சது தமிழ்தான், ஆனா ஒருத்தர் தமிழ இன்னொருத்தர் மிஷின் படிக்காது. 1999ல சென்னையில தமிழ்நெட் மாநாட்டுல ஒக்காந்து பேசி கீபோர்டுக்கு ஒரு தமிழ்99 வந்துது, அப்புறம் 2010ல அரசு யூனிகோட எடுத்துக்கினுது, அதுக்குள்ள எத்தினி ஃபைல் படிக்க முடியாம செத்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். கார்ன்வால்லயும் அதேதான். ஒரு டீச்சர்கிட்ட படிச்ச பையன் இன்னொரு டீச்சர் புஸ்தகத்தப் பிரிச்சா தடுமாறுவான். வாயால பேசினா புரிஞ்சிக்கறாங்க, பேப்பர்ல பாத்தா வேற மொழி மாதிரி இருக்குது.

2002 நவம்பர்ல பிரிட்டன் அரசாங்கம் ஐரோப்பிய சிறுபான்மை மொழி சாசனத்துல கார்னிஷ சேத்துது. அங்கதான் முடிச்சு விழுந்துது. அங்கீகாரம் வந்தா ஸ்கூல் பாடம், தெரு போர்டு, அரசாங்க நோட்டீஸ்னு வரிசையா வரும், அதுக்கெல்லாம் எந்த ஸ்பெல்லிங்? போர்டு எழுதறவகிட்ட கேளுங்க, ஒரு போர்டுல ஒரு எழுத்துதான் எழுத முடியும். நாலு கூட்டத்துல யாரு முறைய எடுத்தாலும் மீதி மூணு கூட்டமும் வெளிய போயிடும். அதனால கார்ன்வாலுக்கு வெளிய இருக்கிற மொழி அறிஞர்கள வெச்சு 2007ல ஒரு கமிஷன் போட்டாங்க, அவங்க எல்லா முறையும் அலசிட்டு, இருக்கிறதுல எதுவும் வேணாம், எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு பண்ணுங்கன்னு சொல்லிட்டாங்க. ஆல்பர்ட் பாக், பெஞ்சமின் புரூக்னு ரெண்டு மொழியியல்காரங்க எழுதிக் குடுக்க, நாலு தரப்பும் ஒக்காந்து பேசி, 2008 மே 9 அன்னிக்கு ஒத்துக்கினாங்க. 557 பேருக்கு இவ்ளோ பாடு படணுமான்னு என் வீட்டுக்காரர் கேட்டாரு. கம்மியா இருக்கறதுனாலதான் படணும்னு சொன்னேன், கோடிக்கணக்குல இருக்கிற மொழியில நூறு பேரு கோவிச்சிக்கினு போனா தெரியாது, இங்க நூறு பேரு போனா மொழியில அஞ்சுல ஒண்ணு போச்சு.

இப்ப சரக்கு எப்படின்னு பாப்போம். நான் ரொம்ப நேரம் நின்னு பாத்த ஒரு வார்த்தைய எடுத்துக்கறேன், காடு. நம்ம ஆற்காடு பேருலயே காடு இருக்குது இல்லியா, அதான் தேடினேன். எஸ்டபிள்யூஎஃப்ல அது கே, ரெண்டு ஓ, எஸ். கெம்மின்ல நடுவுல ஓவும் ஈயும். பழைய ஏட்டு வாசனை வேணும்ங்கறவங்க கேவ எடுத்துட்டு சி போட்டுக்கலாம், அதுவும் எஸ்டபிள்யூஎஃப்படி சரிதான், அதுக்குப் பாரம்பரிய வடிவம்னு பேரு. கேல எழுதறது முதன்மை வடிவம். அரசாங்க ஆபீஸ், ஸ்கூல்ல முதன்மை வடிவம், தனி ஆளுங்க எத வேணா எழுதலாம். கே டபிள்யூவுக்கு பதிலா க்யூ டபிள்யூ, எச் டபிள்யூவுக்கு பதிலா டபிள்யூ எச், கடைசியில வர்ற ஐக்கு பதிலா ஒய், இப்படி கொஞ்சம் எழுத்துக்குத்தான் இந்த சலுகை. ஏன் சிக்கு இவ்ளோ மரியாதைன்னு கேட்டா, நடுக்கால ஏட்டுல பூனைக்கு சி போட்டுதான் எழுதியிருக்காங்க, கார்ன்வால் ஊர் பேரு, ஆள் பேரெல்லாம் சியாலதான் நெறைஞ்சு கெடக்குது, அத எல்லாத்தையும் கேவா மாத்தினா என் பாட்டன் ஏடு எனக்கே அந்நியமாத் தெரியுதுன்னு ஒரு கூட்டம் அழுதுது. கே கூட்டம் சொன்னது, ஒரு சத்தத்துக்கு ஒரு எழுத்து, கொழந்தைக்கு சொல்லிக்குடுக்க ஈசி. ரெண்டு பக்கமும் நெஜம்.

அந்த ரெண்டு ஓ இருக்குது பாருங்க, அதுதான் இந்த மொத்த முறையிலயே எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். நடுக்காலக் கார்னிஷ் பேசறவங்க அத கோஸ்னு சொல்வாங்க, பிற்காலக் கார்னிஷ் பேசறவங்க கூஸ்னு சொல்வாங்க. சாப்பாடுங்கற வார்த்தையும் அப்படித்தான், ஒருத்தர் போஸ், ஒருத்தர் பூஸ். எழுதறது மட்டும் ஒரே மாதிரி. எழுதறத ஒண்ணு பண்ணிட்டு வாய அவங்கவங்க பழக்கத்துக்கு விட்டுட்டாங்க. இதுக்கு அவங்க வெச்ச பேரு குடை எழுத்து, ஒரு எழுத்து குடை மாதிரி ரெண்டு உச்சரிப்பையும் நனையாம காப்பாத்துது.

என் பொண்ணு ஒம்பதாவது படிக்கிறா, பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கினு இருந்தவ, ஏன்மா, ஒரு எழுத்த ரெண்டு பேரு ரெண்டு விதமாப் படிச்சா அது எப்படி எழுத்தாவும்னு கேட்டா. நான் வாழைப்பழம்னு பேப்பர்ல எழுதி இத சத்தமாப் படிடின்னேன். அவ எங்க ஊர் வழக்கப்படி வாயப்பயம்னா. எங்க நாத்தனார் வீட்டுக்காரர் திருநெல்வேலி, அவரு எப்படி சொல்வாரு? வாளப்பளம். பேப்பர்ல இருக்கறது ழ. நாங்களும் ழன்னுதான் எழுதறோம், அவங்களும் ழன்னுதான் எழுதறாங்க, தஞ்சாவூர்ல சுத்தமா சொல்றவங்களும் ழன்னுதான் எழுதறாங்க. ஒரு ழ கீழ மூணு ஜில்லா நிக்குது. அவளுக்குப் புரிஞ்சுது, எனக்கும் அப்பதான் முழுசாப் புரிஞ்சுது. நாம எழுதறது பேசற மாதிரியே இருக்கணும்னு எழுத்த ஜில்லா ஜில்லாவா மாத்தியிருந்தா இன்னிக்கு வேலூர் பத்திரிகைய திருநெல்வேலிக்காரர் படிக்க முடியாது.

ஆனா பென்னும் பெட்ன்னும் வர்ற எடத்துல குடை போடல, ரெண்டையும் தனித்தனியா எழுத விட்டுட்டாங்க. பிற்காலப் பேச்சுல என்னுக்கு முன்னாடி ஒரு ட்டும், எம்முக்கு முன்னாடி ஒரு ப்பும் முளைச்சுது, அந்த சத்தத்த விடமாட்டோம்னு பிற்காலக்காரங்க நின்னாங்க. கார்ன்வாலோட கடைசி முனைக்கு இங்கிலீஷ்ல லேண்ட்ஸ் எண்ட், அங்க ஒருத்தர் பென் அன் வ்லாஸ்னு எழுதலாம், ஒருத்தர் பெட்ன் அன் வ்லாஸ்னு எழுதலாம். நாள்னு தேடினா டீ, ஒய் வர்றது ஒண்ணு, டீ, ஈ வர்றது ஒண்ணு. புதுசா கத்துக்கறவங்களுக்கு இது நெஜமாவே கஷ்டம். மொதல் ரெண்டு மாசம் எனக்கு நோட்ல ஒரு வார்த்தைக்கு நாலு வரி ஆச்சு, முதன்மை, பாரம்பரியம், நடுக்காலம், பிற்காலம்னு. மூணாவது மாசம் நான் ஒரு முடிவு பண்ணேன், நடுக்கால முதன்மை வடிவம் மட்டும் எழுதறது, மத்தத பாத்தா அடையாளம் தெரிஞ்சா போதும். அப்புறம் வேகமாப் போச்சு. ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது இதான், ஒரு வரிசையப் புடிச்சிக்குங்க, நாலையும் இழுத்துக்கினு ஓடாதீங்க.

அகராதி பத்தி. இங்கிலீஷ் வார்த்தையப் போட்டு கார்னிஷ் எடுக்கலாம், கார்னிஷப் போட்டு இங்கிலீஷ் எடுக்கலாம். நடுக்கால வடிவமும் பிற்கால வடிவமும் ஒரே எடத்துல காட்டறதுதான் பெரிய உபகாரம், பழைய புஸ்தகத்துல ஒரு மாதிரி பாத்து குழம்பினவங்களுக்கு இங்க வந்தா ஓ, இது அதான்னு தெரிஞ்சிடும். தமிழ்ல இப்படி எழுத்து வேறுபாடு எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டற ஒண்ணு என் மேஜையில இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்னு ஏக்கமாவே இருந்துது. அங்க போறவங்க ஒரே ஒரு விஷயம் முன்னாடியே தெரிஞ்சிக்கணும், கார்னிஷ்ல வார்த்தையோட மொத எழுத்தே மாறும். பூனை காத், கேல ஆரம்பிக்கும். முன்னாடி ‘அன்’ சேந்தா, அதாவது அந்தப் பூனைன்னா, கே போயி ஜி வந்துடும். மாம், முன்னாடி அன் வந்தா வாம். ஜியில தேடிக்கினு இருந்தா பூனை கெடைக்காது, கேக்குத் திரும்பிப் போகணும். இங்கிலீஷ்காரங்க இதப் பாத்து பயப்படறாங்கன்னு படிச்சேன், நமக்கு பயமே வேணாம். பக்கம்னு எழுதறப்ப ஒரு க, பகல்னு எழுதறப்ப வேற சத்தத்துல அதே க. காத், அன் காத்னு தமிழ்ல எழுதிப்பாருங்க, எழுத்து மாறவே மாறாது, சத்தம் தானா வரும். என் நோட்டு முழுக்க அப்படித்தான் தமிழ்லயே எழுதி வெச்சிருக்கேன்.

சுரங்க வார்த்தை தேடினதுதான் எனக்கு ரொம்ப நெருக்கமானது. பால்னா சுரங்கம். மேல தரையில ஒக்காந்து சம்மட்டியால கல்லு ஒடைச்ச பொம்பளைங்கள கார்ன்வால்ல பால் மெய்டன்னு சொல்லியிருக்காங்க, பாதி கார்னிஷ் பாதி இங்கிலீஷ். ஹ்வேல்னா வேலை, சுரங்க வேலை நடக்கற எடத்துக்கும் அதே பேரு, இங்கிலீஷ் மேப்புல வீல் ஜேன் மாதிரி வீல்னு ஆரம்பிக்கற சுரங்கப் பேரெல்லாம் இதுதான். முதன்மை வடிவத்துல எச் டபிள்யூ, பாரம்பரியத்துல டபிள்யூ எச். நம்ம வேலைக்கும் அதுக்கும் சம்பந்தம் ஒண்ணும் கெடையாது, தற்செயலா ஒத்துப்போச்சு, ஆனா எங்க கொள்ளுத்தாத்தாவும் அந்தத் தொரையும் ஒரே லிப்டுல எறங்கி ஒரே மாதிரி சத்தத்துல வேலைய சொல்லியிருக்கக் கூடியவங்கன்னு நெனச்சா ஒடம்பு ஒரு மாதிரி ஆவுது. நெஜத்துல 1880ல வந்தவங்க இங்கிலீஷ்தான் பேசினாங்க, அவங்க மொழி அவங்க வாயில இருந்து போயி நூறு வருஷம் ஆகிட்டிருந்துது. பேருல மட்டும் ஒட்டிக்கினு இருந்துது.

ஒத்துக்காதவங்களும் இருக்காங்க. எஸ்டபிள்யூஎஃப்ல ஓட்டை இருக்குது, ஏட்டுக்கு இன்னும் கிட்டத்துல இருக்கணும்னு வில்லியம்ஸ் பக்கத்துக்காரங்க எழுத்து மேல குறியெல்லாம் போட்டு கெர்னோவெக் ஸ்டாண்டர்ட்னு தனியா ஒண்ணு நடத்தறாங்க, அந்த முறையில 2011ல முழு பைபிளே வந்துது. பெரிய உழைப்பு, அதக் கொறச்சு சொல்ல எனக்கு மனசு வராது. கெம்மின்லயே எழுதறவங்களும் இன்னும் இருக்காங்க. 2008ல ஒத்துக்கினப்பவே அஞ்சு வருஷத்துல திரும்பப் பாக்கணும்னு பேசி வெச்சதால 2013ல மறுபடி ஒக்காந்து சின்னச் சின்னதா திருத்தினாங்க. இத நான் ப்ளஸ்ஸாதான் பாக்கறேன். ஒரு தடவை ஆணை போட்டுட்டுப் போறதுக்கும், யூஸ் பண்றவங்கள கூப்பிட்டு எங்க கடிக்குதுன்னு கேக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குது.

நம்ம கிட்டயும் ரெண்டும் நடந்துருக்குது. 1978ல எம்ஜிஆர் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டாந்தப்ப, பெரியார் 1935லயே குடி அரசுல பழக்கிட்ட எழுத்தத்தான் எடுத்துது. நாப்பது வருஷத்துக்கு மேல பேப்பர்ல பாத்துப் பாத்து ஜனங்க கண்ணு பழகியிருந்துது, அதனால நின்னுது. எனக்குத் தொழில் சொல்லிக்குடுத்த கம்போசிட்டர் பெரியவர் சொல்லுவாரு, தும்பிக்கை போட்ட லை, ணை ஈய எழுத்தெல்லாம் ஒருநாள் அள்ளி உருக்கப் போட்டாங்க, ஆனா கையால எழுதறவங்க சாவற வரைக்கும் தும்பிக்கைய விடலன்னு. பெரியார் சொன்னதுல ஐக்கு பதிலா அய்ங்கறத அரசு எடுக்கல, ஆனா விடுதலையில இன்னிக்கும் அய்தான், யாரும் அத தப்புன்னு அடிக்கறதில்ல. பாரம்பரிய வடிவம், முதன்மை வடிவம்னு பேரு வெக்காமலே நாமளும் ரெண்டு கதவு தொறந்து வெச்சிருக்கோம். 2020 ஜூன்ல ஊர் பேர இங்கிலீஷ்ல தமிழ் சத்தப்படி எழுதணும்னு 1018 ஊருக்கு ஆணை வந்துது, அதுல வேலூருக்கு வீக்கு அப்புறம் ரெண்டு ஈ, பழகாதவங்க படிச்சா வீலூர். சில நாள்லயே திரும்ப வாங்கிட்டாங்க. கண்ணு பழக நேரமே இல்ல.

ஆற்காடு கதை அதவிட பழசு. வல்லின ற போட்டு ஆற்காடு, ர போட்டு க் சேத்து ஆர்க்காடு, க்கும் இல்லாம ஆர்காடு, மூணையும் ஒரே ரோட்டுல மூணு போர்டுல பாக்கலாம். ஆறு காடு இருந்துதுன்னு ஒரு பேச்சு, ஆர்னா ஆத்தி மரம், ஆத்திக் காடுன்னு இன்னொரு பேச்சு. எந்தப் பேச்ச நம்பறாரோ அந்த எழுத்துக்காக கஸ்டமர் என் கடையில நின்னு வாதாடுவாரு. 2019ல ஜில்லா பிரிச்சப்ப லெட்டர்பேட் வேலை கொட்டுச்சு, ராணிப்பேட்டையா இராணிப்பேட்டையான்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுக் கேட்டு அடிச்சேன். குடியாத்தமா குடியேற்றமான்னு எங்க சொந்தத்துலயே ஒருத்தர் பத்திரிகைய திருப்பிக் குடுத்திருக்காரு. முன்னெல்லாம் எனக்கு எரிச்சல் வரும், ஒண்ணு சொல்லித் தொலைங்கன்னு. கார்னிஷ் படிச்சதுக்கு அப்புறம் எரிச்சல் வரல. அவரு ஒரு எழுத்துக்காக நிக்கல, அந்த எழுத்து எந்தக் காலத்துல இருந்து வந்துதோ அந்தக் காலத்துக்காக நிக்கறாரு. இப்ப நான் என்ன பண்றேன்னா, ஆபீஸ் பேப்பர்னா அரசு எழுத்து, வீட்டுப் பத்திரிகைன்னா அவங்க வீட்டு எழுத்து. எஸ்டபிள்யூஎஃப்ல இருந்து கத்துக்கினதுதான் இது.

பலன் வந்துதான்னு கேட்டா, வந்துது. 2009ல இருந்து கார்ன்வால் கவுன்சில் தெரு பேரு போர்டு மாத்தறப்ப கார்னிஷும் சேத்து எழுதுது. அழிஞ்ச மொழின்னு போட்டு வெச்சிருந்த யுனெஸ்கோ 2010ல அத எடுத்துட்டு மிக மோசமான அபாயத்துல இருக்கிற மொழின்னு மாத்துச்சு. போர்டு எழுதறவளா சொல்றேன், எழுத்து முடிவாகலன்னா பெயிண்ட் டப்பா தொறக்கவே தொறக்காது.

மார்க் போடணும்னா அகராதிக்கு அஞ்சுக்கு அஞ்சு, எழுத்துமுறைக்கு நாலு. அந்த ஒண்ணு ஏன் கொறச்சேன்னா, முதன்மைன்னு ஒண்ணுக்குப் பேரு வெச்சதுமே இன்னொண்ணு ரெண்டாம் பந்தியில ஒக்காந்த மாதிரி ஆயிடுது, சி எழுதறவங்க மனசுல அது உறுத்தத்தான் செய்யும், வேற பேரு வெச்சிருக்கலாம். அப்புறம், பழைய புஸ்தகம் பூரா பழைய முறையிலதான் இருக்குது, நான்ஸ் அகராதி ஒரு மாதிரி, கெம்மின் பாடநூல் ஒரு மாதிரி, எஸ்டபிள்யூஎஃப் மட்டும் தெரிஞ்சா அதெல்லாம் நேரா படிக்க வராது, கொஞ்சம் பழகணும். இங்கிலீஷ் சுமாரா படிக்கத் தெரிஞ்ச யாரும் இதுல நொழையலாம், மொழி ஆசை இருக்கறவங்க, தமிழ் டைப்பிங், ப்ரூஃப் வேலையில இருக்கறவங்க கண்டிப்பாப் பாக்கணும். டித் தான்னா வணக்கம், மேர் ராஸ்னா நன்றி, இது ரெண்டும் மொதல் நாளே வந்துடும்.

இன்னொண்ணு. தங்கவயல் சுரங்கத்த 2001 பிப்ரவரி 28ல மூடிட்டாங்க. அங்க வேலை பார்த்தவங்க நெறைய பேரு திரும்பி குடியாத்தம், ஆம்பூர், காட்பாடி பக்கம் வந்துருக்காங்க. உங்க வீட்டுல தாத்தா, ஆயா யாராவது சுரங்கத்துக்குள்ள பொழங்கின வார்த்தை எதுனா சொல்லி ஞாபகம் இருந்தா, தமிழும் இல்லாம தெலுங்கும் இல்லாம இங்கிலீஷும் இல்லாம ஒரு மாதிரி இருந்தா, எந்த ஸ்பெல்லிங்னு யோசிக்காம வாயில வர்ற மாதிரியே எழுதி எனக்கு அனுப்புங்க. நான் அகராதியில போட்டுப் பாத்து சொல்றேன்.